அன்பரசியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெஞ்சமின் ஸ்டோர் கீப்பர். கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்கூட அவருடைய அறையைத் தாண்டாது. வருகிறவன் கையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை கம்பெனி பஸ்ஸில் ஏறி அவரோடு செங்கல்பட்டு வீட்டுக்கும் வந்துவிடுகிறது என்பது மனைவி அன்பரசியின் குறை.

அந்தக் கோடையில் அவர் ஒரு மெயிலுக்காகக் காத்திருந்தார். தாயார் காசியம்மாள் இறந்தபோது, மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா ரெஜினா வந்து சேரும் முன்பே அடக்கத்தை முடித்துவிட்டார். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்தினார். போன் எண்ணையும் மாற்றிக்கொண்டார். இப்போது பெஞ்சமினின் மகள் ரூத்துக்குத் திருமணம். 'நீ வருவதாக எழுதாமல் சபையில் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கவிட மாட்டேன்' என்று அக்காவின் பழைய முகவரிக்கு மெயில் அனுப்பியிருந்தார்.

பதில் வரவில்லை. அது மட்டுமல்ல, எந்த மெயிலுமே அவருடைய பெட்டியில் நிற்கவில்லை. போனில் தலைப்பு மின்னும். கைகழுவிவிட்டு வந்தால் இருக்காது.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அன்பரசியின் தம்பி ஜெரோம், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஒரு நிரலை ஓடவிட்டிருந்தான். பெஞ்சமினுக்கு வரும் மெயிலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதுவே எடுத்து அன்பரசியின் முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பும். ஆக, எல்லாம் அவள் கண்ணில் படும். நாத்தனார் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவள். பாஸ்வேர்டும் அவளுக்குத் தெரியும். அழிப்பது யார் என்று பெஞ்சமின் முடிவுகட்டிவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், தமக்குத் தாமே ஒரு மெயில் அனுப்பிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். அன்பரசி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மெயில் வந்தது. சற்று நேரத்தில் அவர் கண்ணெதிரேயே மறைந்தது. அவள் கையெல்லாம் செதில். அவளுடைய போன் அலமாரி மேல் கிடந்தது.

"இன்னாத்துக்கு இங்க நின்னுகினு மொறைக்கிறீங்க?"

"உன் போனைக் குடு."

"எடுத்துக்கோங்க. உள்ள இன்னா பொதையலா கீது?"

காணாமல் போனவை அத்தனையும் அங்கே இருந்தன. கோபத்தோடு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பிறகுதான் கவனித்தார்: எல்லாம் தடித்த எழுத்தில், யாரும் திறக்காதவையாக. நடுவே ரெஜினாவின் இரண்டு மெயில்கள். ஒன்றில், 'லீவு கேட்டிருக்கிறேன், தேதி சொல்.' அடுத்ததில், 'அன்றும் நீ எனக்காகக் காத்திருக்கவில்லை. இன்று கூப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறாய். உன் பெண்டாட்டிக்கு நான் வருவது பிடிக்கவில்லையா?'

ஜெரோமை ஸ்பீக்கரில் அழைத்து நடந்ததைச் சொன்னார்.

"மாமா, போன மாசம் பாஸ்வேர்டு மாத்தச் சொன்னேனே, அப்ப அந்த நிரலோட ஃபைல்ல வேற எதுனா தொட்டீங்களா?"

பெஞ்சமின் தயங்கினார். "உங்க அக்கா பேருக்குப் பக்கத்துல ஒரு அசிங்கமான வார்த்தை இருந்திச்சு மச்சான். நீ வெளாட்டுக்கு எழுதினன்னு அழிச்சிட்டேன்."

"இன்னா வார்த்த?"

"கீப்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஐயோ மாமா! வைப்பாட்டிய சொல்ற கீப்பு இல்ல அது. காப்பி அனுப்புனப்புறமும் ஒரிஜினல அங்கியே வச்சிருன்னு மிசினுக்குச் சொல்றது. அத எடுத்துட்டா, அனுப்பிட்டு உங்க பெட்டியத் தொடச்சிரும்."

அன்பரசி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். "ஸ்டோர் கீப்பருக்கு கீப்புன்னா இதான் ஞாபகம் வருதா? இதுக்குத்தான் இத்தினி நாளா என்னைத் திருடி மாதிரி பாத்துகினு இருந்தீங்களா?"

அவர் அவளுடைய போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்தச் சொல்லை மீண்டும் அவள் பெயருக்குப் பக்கத்தில் தட்டினார். அக்காவுக்குத் தேதியை எழுதி, தவறு தம்முடையது, அன்பரசியுடையதல்ல என்றும் எழுதினார். பிறகு தம் முகவரிக்கே ஒரு வரி அனுப்பினார்: 'மன்னித்துவிடு அன்பு.'

சற்று நேரத்தில் அலமாரி மேலிருந்த போன் சிணுங்கியது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அன்பரசி முதல்முறையாக ஒரு மெயிலைத் திறந்து படித்தாள்.

"வாயால சொல்ல வராதா?" என்றாள்.

ரெஜினாவின் 'வருகிறேன்' இரண்டு பெட்டிகளிலும் வந்து நின்றது. அதற்கு அடுத்த ஞாயிறுதான் ரூத்தின் ஓலை வாசிக்கப்பட்டது.