பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தலைக்கட்டு

ஆசிரியர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று தலைமையாசிரியர்களான எங்களுக்குத் திருவள்ளூரில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஏசி போட்ட அரங்கம். பயிற்சி கொடுத்தவருக்கு நல்ல குரல். கலர் கலராக ஒட்டுச் சீட்டுகளைக் கொடுத்து, உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை எழுதி அவர்கள் மேசையில் ஒட்டுங்கள், மறுநாளே மாற்றம் தெரியும் என்றார். நான் எழுந்து நின்று, "எங்க ஸ்கூல் கழிவறையில தண்ணி இல்ல சார். அதுக்கு எந்தக் கலர் சீட்டு ஒட்டணும்?" என்றேன். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்" என்றார்.

எங்கள் பள்ளி பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல், நடுவில் குழாய் போட்டால் வருவதும் உப்புத் தண்ணீர்தான். அந்த உப்பு மோட்டாரைத் தின்றுவிட்டது. புது மோட்டாருக்கும் நல்ல தண்ணீருக்கும் நான் எழுதாத மனு இல்லை. பெண் பிள்ளைகள் அவசரம் என்றால் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். இருக்கிற ஒரே ஆண் ஆசிரியர் சவுக்குத் தோப்புப் பக்கம் போய்விடுவார். மிச்சம் நானும் கணக்கு டீச்சரும். நான் பொன்னேரியிலிருந்து வருகிறேன், என் உடம்பு அடக்கிப் பழகிவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கணக்கு டீச்சர் மீஞ்சூர்ப் பெண். ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி வருவாள். பின்னம் என்றாலே ஓடிய பிள்ளைகளுக்கு இறாலைக் கூறு போடுகிற கணக்கில் பின்னத்தைச் சொல்லிக் கொடுத்தவள். அவள் வகுப்பு நடந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குவார்கள். அவளுக்கு ஊக்கம் கொடுக்க என் சீட்டு எதுவும் தேவையில்லை. தேவைப்பட்டது ஒரு வாளித் தண்ணீர்.

காலையில் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்தது, மாத்திரையில் போனது, மறுபடி வந்தது. ஒருநாள் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தவளை எழுப்பினேன். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இந்தப் பசங்கள விட்டுப் போக எனக்கு மனசு இல்ல. ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது. டிரான்ஸ்பர் கவுன்சிலிங் வருது. அதுக்குள்ள தண்ணி வந்துட்டா நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

கல்வி அலுவலகத்தில் கேட்டேன். எஸ்டிமேட் போயிருக்கிறது என்றார்கள். எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் ஊரிடம் போனேன்.

இந்த ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டு உள்ளவருக்கே பாடு. எங்கள் குப்பத்தில் தண்ணீர் லாரிக்கும் இதே ஏற்பாடுதான். எல்லா வீட்டுக்கும் குடத்தில் பிடித்ததுபோக லாரியில் மிஞ்சுகிற தண்ணீர் முழுதும் அன்றைக்கு எந்தத் தலைக்கட்டின் முறையோ அந்த வீட்டுத் தொட்டிக்குப் போகும். அந்த மிச்சத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முறை வேண்டும் என்று கோயில் வாசலில் கூடிய ஊர்க்கூட்டத்தில் நின்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்கு இன்னா தலைக்கட்டு டீச்சர்? அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேத்தி எட்டாம் வகுப்பு. நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், "பள்ளிக்கூடம் ஒரு தலைக்கட்டு. புதுசா சேர்றதால கடைசியில வரும். முறைன்னு வந்துட்டா எல்லாருக்கும் இன்னா சட்டமோ அதான் உங்களுக்கும்" என்று தீர்த்துச் சொன்னார்.

கணக்கு டீச்சரிடம் சொன்னபோது ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் மீஞ்சூரிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தாள். ஆண் ஆசிரியர் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். தினமும் முடியாத வேலைதான், அன்றைக்கு மட்டும் நாங்கள் ஏரிச் சேற்றில் முழங்கால் அளவு இறங்கித் தண்ணீரை மொண்டு வந்து தரையைத் தேய்த்துக் கழுவினோம். பழைய சின்டெக்ஸ் தொட்டியைக் கூரையில் ஏற்றினோம். அந்த வாரம் முழுக்க எங்கள் பள்ளியில் ஒருவர் முகமும் வாடவில்லை. ஒரு சீட்டும் ஒட்டாமல்தான்.

எங்கள் முறை வந்தது. முந்தின நாள் பெய்த மழையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை முங்கிவிட்டது. லாரி வரவில்லை. மறுநாள் வந்த லாரியின் மிச்சம் அடுத்த முறைக்காரர் வீட்டுக்குப் போனது. நான் சும்மா இருப்பேனா? ஹோஸை மறித்துக்கொண்டு சண்டைக்கு நின்றேன்.

"காத்து அடிச்சா பாடு போச்சு டீச்சர். ஏரியில அதான், இங்கயும் அதான். உங்களுக்காக மாத்தினா நாளைக்கு ஊரே அடிச்சிக்கும்" என்றார் தலைவர். அவர் வீட்டு முறையே ஒருமுறை அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முனகக்கூட இல்லை. அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போனது. அடுத்த சுற்றில் எங்கள் முறை வருவதற்குள் கவுன்சிலிங் முடிந்துவிடும்.

அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரே ஒரு லாரித் தண்ணீர் அனுப்புங்கள், ஒரு நல்ல டீச்சர் கையைவிட்டுப் போகிறாள் என்று கெஞ்சினேன். எதிரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஊக்கச் சீட்டு ஒட்டின போட்டோ உங்க ஸ்கூல்லேர்ந்து இன்னும் ஏத்தலையே மேடம்?" என்றார். அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். கத்தினால் எஸ்டிமேட் இன்னும் கொஞ்ச நாள் தூங்கும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அவளுக்கு மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கோங்க மேடம்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் எல்லாம் ஏசியில் உட்கார்ந்திருக்க, இவள் கேட்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நிறையத் தண்ணீர் குடி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவள் இடம் காலியாகவே இருக்கிறது. அடுத்த சுற்றில் எங்கள் முறை வந்தபோது லாரியும் வந்தது. தலைவரே கூரையேறி ஹோஸைப் பிடித்தார். தொட்டி நிரம்பியது. பெண் பிள்ளைகள் முறைபோட்டுக்கொண்டு கழிவறைக் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்கள். தலைவர் இறங்கி வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, டீச்சர் இல்லாமல் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பைப் பார்த்தார்.

"ஊரு சொன்ன மாதிரி குடுத்துட்டோம் டீச்சர். எங்க பாடு ஒருவாட்டி போனாலும் அடுத்த சுத்துல வந்துடும். கணக்கு டீச்சர் எந்தச் சுத்துல வருவாங்க?"

தெரியவில்லை என்றேன். நான் தமிழ் டீச்சர். சாக்பீஸை எடுத்துக்கொண்டு கணக்குப் பாடம் நடத்தப் போனேன்.