நான் கேட்ட ‘ஹயிய’

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். தெரணியகலைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. டவுனில் ஒழுங்காக ஓடும். மேல் டிவிஷன் ஏற்றத்தில் மட்டும் பாதி வழியில் மூச்சு வாங்கும். ஒருநாள் நான் இறங்கித் தள்ளுவதைப் பார்த்துக் கொழுந்து லொறியில் இருந்த ஒருவன், “டீச்சர், அதத் தூக்கிக் குடுங்க, கொழுந்தோட கொண்டு போறோம்” என்றான். லொறி முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்! அந்தச் சனிக்கிழமையே டவுன் கராஜுக்குப் போனேன்.

கராஜ் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்போம்; அவர் சிங்களவர். எனக்கோ சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு. “பாஸ், மேக்க ஹயியென் யன்ன ஓன” என்றேன். இது ‘ஹயியென்’ போக வேண்டும் என்று அர்த்தம். ‘ஹயிய’ என்றால் பலம். ஏற்றத்தில் பலமாக இழுக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஹயியென்மத மிஸ்? மே கந்தே...” என்று, ‘ஹயியென்தானா? இந்த மலையில்...’ என இழுத்தார். பொம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்க வருகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று வெடுக்கென்று வெட்டினேன். மனிதர் பெல்ட் மூடியைக் கழற்றி, உள்ளே கியர் வேலை பார்க்கும் ரோலர்களை மாற்றினார். கார்புரேட்டரையும் கழுவிப் பூட்டினார். டவுன் சமதரையில் வண்டி பறந்தது. நான் தங்கியிருந்ததும் டவுனில்தான் என்பதால் அன்று ஏற்றத்துப் பக்கம் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. டவுன் பாடசாலை வாசலில் என் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். தோட்டத்து லொறி எல்லாரையும் இறக்கிவிட்டு உடனே போய்விட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு பிள்ளை இல்லை. நிச்சயம் பாஸாவாள் என்று நான் நம்பியிருந்தவள். வயிற்று வலி என்று வீட்டுக்குள் ஓடியவளை விட்டுவிட்டு லொறி வந்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற த்ரீவீலர்காரர், “ஏறுங்க டீச்சர், போய்க் கூட்டிட்டு வந்துருவோம்” என்றார். “வேணாங்க, என் வண்டி இப்ப பறக்குது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஏற்றத்தின் முதல் வளைவிலேயே இழுக்க முடியாமல் வண்டி நின்றுவிட்டது. முன்பு பாதி ஏற்றமாவது ஏறும்! அதை ஓரத்தில் சாய்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பிள்ளை அழுதபடி தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, வண்டியில் ஏற்றி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் விட்டபோது பரீட்சை தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை கராஜில் ஆடித் தீர்த்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை நின்றார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “ஹயியென் யன்ன என்றால் வேகமாகப் போவது, மிஸ். அதனால்தான் பாரமான ரோலர் போட்டேன். ஏற்றம் இழுக்க இலேசான ரோலர் போட வேண்டும். வேகத்துக்கு மாற்றினால் இந்த மலையில் என்ன செய்வீர்கள் என்றுதான் அன்றைக்குக் கேட்க வந்தேன். நீங்கள் கேட்க விடவில்லையே.”

சே! அரை மணி நேர வேலை. ரோலரை மாற்றியதும் அதே ஏற்றத்தில் வண்டி ஜம்மென்று ஏறியது. அதை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

பெறுபேறு வந்தது. அந்தப் பிள்ளை இரண்டு புள்ளியில் தவறிவிட்டாள். அந்த இருபது நிமிஷத்தில் இரண்டு புள்ளி இருந்திருக்காதா? “பரவாயில்ல டீச்சர், நீங்கதானே எனக்காக ஓடி வந்தீங்க” என்றாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்ன பிறகும் அந்தப் பிள்ளைக்கு என்மேல் கோபம் வரவில்லை. அவள் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே என்மேல் இன்றுவரை பட்டுக்கொண்டிருக்கிறேன்.