விட்டுப்போன பெயரும் விடாமல் ஏற்றிய ஆளும்

யோகலட்சுமியை எங்கள் கம்பெனியில் எல்லோரும் மெயில் மேடம் என்பார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பம். தினமும் ரயிலேறி ஆம்பூருக்கு வந்து, தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பழக்கிக்கொண்டு, இத்தாலிக்காரனுக்கும் ஸ்பெயின்காரனுக்கும் பதில் எழுதுகிறவள். நான் அடுத்த மேஜையில் ஷிப்பிங் பேப்பர் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. எனக்கு அது பிடிக்காது. சத்தம் போட வேண்டிய இடத்தில் போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

முதலாளி லியாகத் அலி நல்ல மனிதர்தான். ஆனால் யாரையும் முழுசாக நம்பமாட்டார். தோல் வாங்க ஒரு தரகரைச் சந்தைக்கு அனுப்பினால், அவருக்குத் தெரியாமல் இன்னொருவரையும் அனுப்புவார். ஒருத்தன் ஏமாற்றினால் இன்னொருத்தன் மூலம் தெரிந்துவிடுமாம். தோல் வியாபாரத்தில் இது புதிதில்லை. தரகர்களும் தெரியாதமாதிரியே இருந்துகொள்வார்கள்.

இணையத்தில் எங்கள் கம்பெனிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. டொமைன் என்பார்கள்; வாடகை வீடு மாதிரி, கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மெயிலெல்லாம் இப்போது சுருக்கமான புதுப்பெயரில்தான். பழைய பெயருக்கு வருகிற மெயிலும் இங்கேயே வந்து விழும்படி செய்திருந்தோம். அதைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வந்தது பக்ரீத் வாரத்தில். அந்த வாரம் எங்கள் ஊரில் ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. வண்டி வண்டியாகத் தோல் வந்து இறங்கும். உப்புப் போடத் தாமதித்தால் அழுகிப்போகும். யோகலட்சுமியைக் கம்ப்யூட்டரை விட்டு எழுப்பி, குடோன் வாசலில் நின்று தோல் எண்ணச் சொன்னது சாட்சாத் லியாகத் அலியேதான். அவள் திரும்பி வந்தபோது மெயில் மலையாகக் குவிந்திருந்தது. நினைவூட்டல் அடியில் எங்கோ புதைந்துவிட்டது.

பழைய பெயரை விடாத இத்தாலிக்காரர் ஒருவர் போன் செய்து, ஏன் பதிலே இல்லை என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் பெயர் கைவிட்டுப் போயிருந்தது. இனி யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். எடுத்தவன் எங்களுக்கு வரும் மெயிலைப் படிக்கலாம். நாங்களே எழுதுவதுபோல் பதிலும் போடலாம்.

"அந்த பேரு கம்பெனிக்கு எங்க அத்தா வெச்சது," என்றார் லியாகத் அலி. "பேரு திரும்பி வந்தா நீங்க வேலைக்கு வாங்க யோகாம்மா. வரலைன்னா வேணாம்."

தோல் எண்ணச் சொன்னது யார் என்று அவள் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

இப்படி விழும் பெயரைப் பிடித்துக் கொடுக்கவே கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் அவள் சொல்லிவைத்தாள். அவர்கள் பிடித்தும் விட்டார்கள். ஆனால் அதே பெயரை வேறு யாரோ ஒருவரும் கேட்டிருந்தாராம். இரண்டு பேர் கேட்டால் ஏலம். எதிராளியின் பெயர் தெரியாது, ஓர் எண் மட்டும்தான்.

ஏலத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கம்பெனிக்கு விடுமுறை. ஆபீஸைத் திறந்து நாங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஏற்றினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிராளி அதற்குமேல் விலை ஏற்றினான். மறுபடி ஏற்றினாள், அவனும் ஏற்றினான். முதலாளிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

ஜும்மாவுக்கு நேரமானது. "நீங்க ஏத்தி வைங்க, வந்துட்றேன்," என்று அவர் பள்ளிவாசலுக்குப் போனார். அவள் ஏற்றினாள். எதிர்ப்பக்கம் அசைவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் டீ சொல்லப் போனேன். தொழுகை முடிந்து தொப்பியை மடித்துக்கொண்டே முதலாளி உள்ளே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதிராளி மறுபடி ஏற்றினான்.

யோகலட்சுமி திரும்பி அவரைப் பார்த்தாள். "சார், இந்த ஆளும் தொழுவப் போயிட்டு வந்திருக்காரு. வேற யார்கிட்டனா சொல்லி வெச்சிருக்கீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"சார், கேக்கறேன்ல?"

"வாணியம்பாடில ஷாஹித் கிட்ட சொல்லி வெச்சேன்," என்றார். ஷாஹித் அவருடைய அக்கா மகன். "எவ்ளோ ஆனாலும் விடாதன்னு சொன்னேன்."

அவர் பணத்தோடு அவர் பணமே சண்டை போடுகிறது. இரண்டாவது ஆளை வைக்காமல் இருந்திருந்தால் ஏலமே வந்திருக்காது!

"அப்ப போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க சார்!" என்று நான் கத்தினேன்.

"ஆஃப் பண்ணிட்டு உக்காருன்னு நான்தான் சொன்னேன். போன் வந்தா கவனம் செதறும்ல." இருந்தும் போட்டுப் பார்த்தார். ஆஃப்தான். சட்டென்று அவர் முகம் மாறியது. "ஆனா சொன்னபடி அவன் கேட்டு வெச்சானான்னே தெரியாதே. தொழுவுறவன் ஷாஹித் ஒருத்தனா? ரஷீத்தும்தான் தொழுவுறான்."

ரஷீத் அஹமது அவருடைய தம்பி. பாகம் பிரிந்து தனியாகத் தொழிற்சாலை நடத்துகிறார். அப்பா வைத்த பெயர் அண்ணனோடு போய்விட்டது என்று அவருக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நேரத்தில் யார் ஏற்றினாலும் கெடு இன்னும் கொஞ்சம் நீளும். ஏற்றினால், எதிரே ஷாஹித் என்றால், இதற்கு முடிவே இல்லை. ஏற்றாமல் விட்டு, எதிரே இருப்பது ரஷீத் என்றால் பெயர் போனது போனதுதான். அவள் வேலையும் அதோடு போகும்.

"ஏத்துங்க யோகாம்மா, ஏத்துங்க!"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"உங்க தம்பியா இருந்தா ஒவ்வொரு தடவையும் யோசிச்சு யோசிச்சுதான் ஏத்துவாரு சார். அது அவரு காசு. இந்த ஆளு யோசிக்கவே இல்ல, நானும் யோசிக்கல. ரெண்டு பேரும் அடுத்தவங்க காசுலதான் ஏத்தினு இருக்கோம்."

"தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா நான் நாளைக்கு வரல. அதான் நீங்களே சொல்லிட்டீங்களே."

முதலாளியின் கை மவுஸ் பக்கம் நீண்டது. அவள் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நீண்ட கை பாதியில் நின்றது, பிறகு அவர் தாடிக்குப் போனது. நேரம் முடிந்தது. பெயர் மற்றவருக்குப் போனது என்று திரையில் எழுத்து வந்தது.

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து டிபன் டப்பாவை உள்ளே வைத்தாள். மேஜை டிராயரைத் திறந்து தன் சீப்பையும் ஒரு பொட்டு அட்டையையும் எடுத்தாள். அந்தச் சீப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது முதலாளியின் போன் அடித்தது. அவசரத்தில் அவர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"மாமு, புடிச்சாச்சு!" ஷாஹித்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பேரு நம்முளுது! எவனோ ஒரு பைத்தியக்காரன், கடைசி வரைக்கும் விடாம ஏத்தினே இருந்தான். பேஜார் பண்ணிட்டான் மாமு!"

லியாகத் அலி கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பிறகு யோகலட்சுமியைப் பார்த்தார். "நாளைக்கு வந்துடுங்கம்மா," என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"வர்றேன் சார்," என்றாள் அவள். சீப்பை மறுபடி டிராயரில் போட்டு மூடினாள். பிறகு முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அதுக்கு முன்னாடி அந்தப் பைத்தியக்காரன் யாருன்னு அவருகிட்ட சொல்லுங்க. போன் இன்னும் லைன்லதான் இருக்குது."