பாத்திரம் விளக்கும் இடத்து மல்கோவா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணத்துக்கு முன்தினம் அம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து, "போற எடத்துல ஆறு மாசமாவது வாயத் தொறக்காத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினாள். நான் மூன்று நாள் தாக்குப்பிடித்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து நாகரசம்பட்டிப் பக்கத்துக்கு மருமகளாக வந்தேன். எங்கள் பக்கம் ராகியும் கொள்ளும்தான் கண்ணில் படும். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் மாமரம். ஊரைச் சுற்றித் தோப்புகள் இருந்ததோடு, வீட்டுக்கு வீடு பின்னால் ஒரு தோட்டமும் இருந்தது. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மா, பலா, கொய்யா, சீத்தா, பப்பாளி, எலுமிச்சை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பார்த்தவுடன் எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. வீட்டுக்காரர் மேல் ஆசை வந்தது அதற்கப்புறம்தான்.

மூன்றாம் நாள் காலையில் கொய்யா மரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பழம் மஞ்சளாகத் தொங்கியது. பறித்து ஒரு கடி கடித்தேன். எங்கிருந்தோ என் நாத்தனார் ஓடி வந்தாள். அவளுக்குப் பத்து வயது.

"அண்ணி, அது என் மரம். கேக்காம பறிச்சிட்டீங்க."

"மரம் உன் பேரைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டுச் சட்டத்தை எனக்கு விளக்கிச் சொன்னாள். தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் ஒருவருடையது. பலா என் மாமியாருடையது, அதாவது அத்தையுடையது. சீத்தாவும் எலுமிச்சையும் என் வீட்டுக்காரருடையவை. நடுவில் நிற்கும் மாமரம் மாமனாருடையது. யார் மரமோ அவர்களைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். சட்டம் போட்ட மாமனாரே ஒரு கொய்யா வேண்டுமென்றால் மகளிடம் வந்து நின்று கேட்பார். சொல்லி முடித்துவிட்டு அந்தக் குட்டி கடைசியாக ஒன்று சேர்த்தாள்: "உங்களுக்குத்தான் மரமே இல்லையே, அண்ணி. உங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்."

அவள் பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது உறைத்தது. அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு மரம் வேண்டும். அதுவும் மாமரமாக இருக்க வேண்டும். அதன் பழத்துக்காக மாமனார் என் எதிரே வந்து நின்று கேட்க வேண்டும்.

மாமனாருடைய மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மல்கோவா. அதாவது, அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அம்மாள் இருந்தார். அவர் தோட்டத்தில் நிஜமான மல்கோவா ஒன்று இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பழம் கொடுக்க, மாமனார் அதைத் தின்று சொக்கிப்போய் கொட்டையை நட்டுவிட்டார். மாங்கொட்டையை நட்டால் தாய்மரத்துப் பழம் வராது என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமனாருக்கும் தெரியும். தன் கொட்டை மட்டும் தன்னை ஏமாற்றாது என்று நம்பினார், அவ்வளவுதான்.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. பழம்தான் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரே நார், பல் கூசும் புளிப்பு. ஆனாலும் வருஷா வருஷம் முதல் பழத்தை அவரே தன் கையால் நறுக்கி ஆளுக்கொரு துண்டு தருவார். எல்லோரும் தின்றுவிட்டு, "இந்த வருசம் மல்கோவா வாசனை வந்திடிச்சு" என்று சொல்ல வேண்டும். அவரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார்.

நான் வந்த வருஷக் கோடையில் என் முறை வந்தது. துண்டை வாயில் போட்டேன். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"புளிக்குதுங்க மாமா" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறியது. அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மாமனார் என்னையே பார்த்தார்.

"மண்ணு இன்னும் பழகல. ரெண்டு வருசம் போவட்டும்" என்றார். மரத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "பக்கத்து ஊட்டு மரத்துல ஒட்டுக்கட்டி நாம ஒரு மல்கோவா வெச்சிக்கலாங்களா மாமா?" என்று கேட்டேன். மாமனாருக்குக் கோபம் தலைக்கேறினால் தெலுங்குக்கு மாறிவிடுவார். உத்தனப்பள்ளிக்காரிக்குத் தெலுங்கும் தெரியும், கன்னடமும் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முழுத் திட்டும் ஒரு சொல் சிந்தாமல் எனக்குப் புரிந்தது. ஒட்டுச்செடி என்பது சொந்த வேரில் நிற்கத் துப்பில்லாத செடி, அதற்கு இந்தத் தோட்டத்தில் இடமில்லை என்பது சாரம். நானும் வேறிடத்து வேரில் ஒட்டிக்கொள்ளத்தானே வந்திருக்கிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

ஒட்டுக்கட்டுவது அந்தப் பக்கத்தில் ரகசியமான வேலை அல்ல. ஆடி மாதம் எந்தத் தோப்புப் பக்கம் போனாலும் நல்ல மரத்தை ஒட்டிப் பரண் கட்டி, சின்னச் சட்டிகளில் நாட்டு மாங்கன்றுகளை ஏற்றி வைத்திருப்பார்கள். கன்றின் தண்டில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சீவி, தாய்மரத்துக் கிளை ஒன்றிலும் அதே அளவு சீவி, இரண்டு காயத்தையும் முகத்தோடு முகம் சேர்த்து வாழைநாரால் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். தண்ணீருக்குப் போகும்போது நின்று நின்று பார்த்தே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

கன்றுக்குப் புளிப்பு மாங்கொட்டைதான் நல்லது, வேர் வலுவாக இருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? மாமனார் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டைச் சட்டிகளில் ஊன்றினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார். தன் மல்கோவாவின் அருமை மருமகளுக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நீங்கள் நினைப்பது தப்பு என்று நானும் சொல்லப் போகவில்லை.

அடுத்த ஆடிக்குள் நாலு கன்று தேறியது. வேலியோரம் போய்த் தெலுங்கு அம்மாளிடம் கேட்டேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க மாமனாருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க அம்மா."

"அப்படின்னா கட்டாயம் கட்டு. தண்ணி மட்டும் நீயே வந்து ஊத்திக்கோ, நாகு மோக்காலு நொப்பி" என்றார். முழங்கால் வலி அவருக்கு.

வீட்டுக்காரர் பரண் கட்டிக் கொடுத்தார். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதில் அந்த மனுஷனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காலையும் மாலையும் வேலி இடுக்கில் புகுந்து போய், ஏணியில் ஏறி நாலு சட்டிக்கும் தண்ணீர் ஊற்றினேன். புடவையில் கிழியாத இடமில்லை. ஐப்பசியில் கட்டுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தால் இரண்டு தண்டும் ஒரே தண்டாகப் பருத்திருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஏணி மேல் நின்றதால் குதிக்கவில்லை.

இனி பிரித்தெடுக்க வேண்டியதுதான். இதில்தான் சூட்சுமம். ஒட்டுக்கு மேலே கன்றின் தலையை வெட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழே தாய்மரத்துக் கிளையை வெட்ட வேண்டும். அப்போதுதான் சட்டியில் நாட்டு வேரும் அதன்மேல் மல்கோவாத் தலையும் நிற்கும். அதையும் ஒரே நாளில் வெட்டாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக அறுக்க வேண்டும். நான் பொறுமையாகச் செய்யலாம் என்றிருந்தேன். ஒரு நாள் நான் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, பெண்டாட்டிக்கு உதவி செய்து அசத்தலாம் என்று வீட்டுக்காரர் கத்தியோடு போயிருக்கிறார். போனவர் தலைகீழாக வெட்டிவிட்டார். கன்றை ஒட்டுக்குக் கீழே வெட்டினார். கிளையை ஒட்டுக்கு மேலே வெட்டினார். சட்டியில் ஒரு மொட்டைக் குச்சி மிச்சம், மல்கோவா மரத்தில் நாட்டுக் கன்றின் தலை மிச்சம், அவர் கையில் பச்சை இலையோடு ஒரு கொத்து. இப்படி மூன்று சட்டி. நாலாவதில் கத்தியை வைக்கும்போது நான் சாப்பிடக் கூப்பிட்டேன்.

அவர் அந்த மூன்று கொத்தையும் பூச்செண்டு மாதிரி பிடித்துக்கொண்டு வந்து, "இந்தா, பிரிச்சாச்சு" என்றார்.

நான் பார்த்தேன். களிக்கட்டையைக் கீழே வைத்தேன். பதினைந்து மாத உழைப்பு அது. தோட்டத்துக் கோடிக்குப் போய் நின்று அழுதேன். பிறகு எட்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன், அதுவும் சத்தமாக. ஒன்பதாம் நாள் அவர் வேலியோரம் நின்றுகொண்டு, "நாலாவது செடிய நீ சொல்லச் சொல்ல நான் ஏணியப் புடிச்சிக்கிறேன், கத்திய மட்டும் என் கையில குடுக்காத" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் எப்படிக் கோபத்தை நீட்டுவது?

அந்த ஒற்றைச் செடியோடு வீட்டுக்கு வந்தேன். மாமனார் சட்டியைப் பார்த்தார், ஒட்டுப் போட்ட முடிச்சைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"என் தோட்டத்துல இதுக்கு எடமில்லன்னு சொல்லிட்டேன்" என்றார். இந்த முறை தமிழில் சொன்னார், அதனால் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

அத்தை அதுவரைக்கும் மாமனாரை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் உரக்கப் பேசவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே, "பாத்திரம் வெளக்கற எடம் தோட்டத்துல சேந்ததில்லீங்க. அது எங்க எடம். அங்க நாங்க என்னா வெச்சா உங்களுக்கென்னா?" என்றார்.

மாமனார் அந்த மூலையைப் பார்த்தார். சாம்பலும் கழிவுநீரும் தேங்கும் இடம். அங்கே எது உயிரோடு இருக்கப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் அத்தையும் அன்று சாயங்காலமே குழி வெட்டி நட்டோம். அத்தை குழியில் ஒரு கூடை எருவைக் கொட்டிவிட்டு, "இது உன் மரம்" என்றார். ஆனால் அத்தை சொன்னால் போதாது. அந்த வீட்டில் ஒரு மரம் யாருடையது என்பது மாமனார் வந்து கேட்கும்போதுதான் உறுதியாகும்.

அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல் எல்லாம் அதற்கே போயின. செடி தளதளவென்று வந்தது. இரண்டாம் வருஷமே பூத்தது. சின்னச் செடி பூத்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். கிள்ளிவிட்டேன். என் விரலையே கிள்ளுவது போலிருந்தது. அதற்குள் பெரியவன் பிறந்திருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு முறை மரத்தைச் சுற்றி வருவேன். மாமனார் அந்த மூலைப் பக்கமே திரும்ப மாட்டார். பேரனைத் தூக்கிக்கொண்டு பலா, கொய்யா, எலுமிச்சை என்று எல்லா மரத்தையும் காட்டுவார். என் மரத்தண்டை வந்ததும் குழந்தைக்கு வானத்தில் காக்காய் காட்டுவார்.

நாலாம் வருஷம் பூவை விட்டு வைத்தேன். ஒன்பது பிஞ்சு பிடித்தது. சித்திரைக் காற்றில் ஐந்து உதிர்ந்தது, ஒன்றை அணில் தின்றது. மூன்று நின்றது. அந்த மூன்றும் நாளுக்கு நாள் உருண்டு திரண்டு, ஒரு கையில் அடங்காத அளவுக்கு வந்தன. கிளை தாழ்ந்துவிடுமென்று வீட்டுக்காரர் கவைக்கோல் முட்டுக் கொடுத்தார். இந்த முறை எதையும் வெட்டவில்லை.

அதற்கப்புறம் மாமனார் பல் விளக்க அந்த மூலைக்கு வர ஆரம்பித்தார். கிணற்றடியில் விளக்கிக்கொண்டிருந்தவர் அவர். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், வேப்பங்குச்சியை மெல்லுவார், ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் பாத்திரம் விளக்குகிற சாக்கில் அவரைப் பார்ப்பேன். அத்தை உள்ளேயிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

வைகாசியில் ஒரு காலை. ஈயச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். திரும்பினால் மாமனார், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மரத்தைப் பார்க்காமல் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார், "ஒரு பழம் பறிச்சிக்கிட்டுமா?"

இந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். மூன்றையும் பறித்து அவர் மடியில் கட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துபோய்ப் பழத்தைக் கையில் ஏந்திப் பார்த்தேன். காம்படியில் இன்னும் பள்ளம் விழவில்லை. முற்றாமல் பறித்தால் வெம்பிவிடும்.

"இன்னும் நாலு நாள் ஆவட்டுங்க மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அந்த வீட்டில் அவர் கேட்டு யாரும் இல்லையென்று சொன்னதில்லை. சாம்பல் கையோடு அப்படியே நின்றேன்.

அவர் பழத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சரிம்மா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்கு அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்னா, பழம் கெடச்சுதா?" என்று குரல் கொடுத்தார். மாமனார் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"நாலு நாள் பொறுக்கச் சொல்லிட்டா. அவ மரம், அவதான சொல்லணும்?"

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சாம்பல் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, என் மூஞ்சியெல்லாம் கரி என்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.