மாமனார் தடவிப் பார்த்த செயின்

உங்கள் விரல் நகத்தில் என்றைக்காவது சைக்கிள் செயினின் கறுப்பு ஏறியிருக்கிறதா? எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஏறியது. இன்னும் இறங்கவில்லை. சோப்பு, சீயக்காய், அடுப்புச் சாம்பல், எலுமிச்சம்பழத் தோல் – எல்லாம் தோற்றுவிட்டன. ஆபீசில் கையெழுத்துப் போட்டால் பக்கத்திலேயே ஒரு கைநாட்டும் விழுகிறது.

எல்லாம் என் மாமனாரால் வந்தது.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் கொடுத்தார். என் மனைவி விசாலத்தின் அக்கா ஜெயாவைக் கட்டிக்கொண்ட ராஜாமணிக்கும் கொடுத்தார். நான் அபிராமபுரம், ராஜாமணி தி.நகர். கொடுத்ததோடு விட்டாரா? வருஷா வருஷம் வந்து சைக்கிளைப் பரிசோதிப்பார். அதுவும் எப்போது? ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால்!

"ஆயுத பூஜை அன்னிக்கு மெட்ராஸ்ல எந்த சைக்கிள்தான் அழுக்கா இருக்கும்? அதுக்கு முன்னாடி பார்த்தாத்தான் மனுஷாளோட யோக்யதை தெரியும்" என்பது அவர் கட்சி. ஆடிட்டில் இருந்து ரிடையர் ஆனவர்... வேறு எப்படி இருப்பார்?

ஒவ்வொரு வருஷமும் என் சைக்கிளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். நானும் மனம் தளராமல் அதை அப்படியே வைத்திருந்தேன்.

இந்த வருஷம் விஷயம் வேறு. என்றைக்கோ அவர் புக் பண்ணியிருந்த ஸ்கூட்டருக்கு அலாட்மென்ட் வந்துவிட்டது! புக் பண்ணியபோது அவருக்குத் தலையில் முடி இருந்தது, முழங்காலில் வலி இல்லை. இப்போது நிலைமை நேர் தலைகீழ். அவரால் ஓட்ட முடியாது. ஆகவே இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக முடிவு. யாருக்கு?

"சைக்கிளைப் பார்த்துட்டுத்தான் அப்பா தீர்மானம் பண்ணப் போறாராம். கபாலி கோயில்ல அம்மா ரகசியமா சொன்னா" என்றாள் விசாலம்.

ஸ்கூட்டர், ஸ்வாமி, ஸ்கூட்டர்! தேனாம்பேட்டை ஆபீசுக்கு வேர்க்காமல் போய் இறங்கலாம். வழியில் பஸ் ஸ்டாப்பில் தொங்கிக்கொண்டு நிற்கும் எங்கள் ஹெட்கிளார்க்கைப் பார்த்து ஒரு ஹார்ன் அடிக்கலாம். விசாலத்துக்கும் ஆசைதான். பஸ்ஸில் ஏறி, கட்டின புடவை கசங்காமல் இறங்கியதே இல்லை என்பாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் – எனக்கு அந்த ஸ்கூட்டர் வேண்டும். ரொம்ப வேண்டும்!

கடையில் விட்டு ஓவராயில் பண்ணக் கூடாதா என்பீர்கள். கேட்காமலா இருப்பேன்? மந்தைவெளி சைக்கிள் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "இன்னா சார், இப்ப வந்துகினு கீறே? அங்க பாரு, எத்தினி வண்டி கீது. பூஜை முடிஞ்சி வா."

ஆகவே ஞாயிறு காலை நானே களத்தில் இறங்கினேன். செயின் கவரைக் கழற்றியதும், திரும்ப மூடிவிடலாமா என்று தோன்றியது. பல வருஷத்து எண்ணெயும் தெருப் புழுதியும் கலந்து அல்வாப் பதத்தில் உறைந்திருந்தது. பல் சக்கரம் என்று பெயர்... பல்லையே காணோம்! தென்னங்குச்சியால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு கொட்டாங்கச்சி நிறைந்தது.

அடுத்து மண்ணெண்ணெய். அது இல்லாமல் செயின் அழுக்கு போகாது. ஆனால் இந்த ரேஷன் காலத்தில் ஒரு குடும்பத்தலைவியிடம் போய் மண்ணெண்ணெய் கேட்பது சாமானியமா? விசாலம் ஒரு நிமிஷம் யோசித்தாள். ஸ்டவ்வுக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏன்னா, சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி எதுல போடறது?"

"காப்பியா, ஸ்கூட்டரா?"

பக்கத்து வீட்டு ஸ்டவ்வைக் கேட்டு வைக்கப் போய்விட்டாள்.

செயினை ஓட்டை அலுமினியத் தட்டில்... இல்லை, ஓட்டையை அடைத்த பிறகுதான், ஊறப் போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். பின்சக்கரத்து ஃப்ரீவீலின் இடுக்குகளில் கிழிந்த பனியனைத் திரித்து விட்டு இழுத்தேன். என் சொந்தப் பல்லை நான் இவ்வளவு அக்கறையாகத் தேய்த்தது கிடையாது. கழுவிய செயினை வாசலில் பேப்பர் விரித்து வெயிலில் போட்டேன்.

எதிர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் நொச்சிக்குப்பத்து அம்மாள் கூடையோடு நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, உன் வூட்ல வாள மீனு காயுது?"

எங்களுடையது வெங்காயத்துக்கே யோசிக்கிற வீடு. தெருவில் இரண்டு ஜன்னல்கள் உடனே திறந்தன. "சைக்கிள் செயின்மா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அட! இன்னாமா மின்னிகினு கீது!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசாலத்தின் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துடைத்து, மாட்டினேன். பெடலை ஒரு சுற்று விட்டால் சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் மாமனார் வந்தார். தி.நகரை முடித்துக்கொண்டு நேராக வருகிறாராம். பக்கத்து வீட்டு ஸ்டவ்வில் போட்ட காப்பியைக் குடித்தார். ஸ்டூலைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். பெடலை முன்னும் பின்னும் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பல் சக்கரத்தைத் தடவினார். கடைசியாக, வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் செயினில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

நானும் விசாலமும் எட்டிப் பார்த்தோம்.

கைக்குட்டையில் லேசாக எண்ணெய் ஈரம். அவ்வளவுதான். கறுப்பு இல்லை!

"பேஷ், மாப்பிள்ளை, பேஷ்! கடையிலேர்ந்து வாங்கிண்டு வந்தப்போகூட இப்படி இல்லை." கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். மனசுக்குள் நான் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்தாயிற்று.

"பெரிய மாப்பிள்ளை ஆத்துக்குப் போனேன்... கண்ணால பார்க்க முடியலை. செயின் துருப்பிடிச்சு அறுந்தே போயிடுத்து. ஆபீசுக்குத் தள்ளிண்டே போறார், தள்ளிண்டே வரார். வேஷ்டியெல்லாம் துருக்கறை. ஜெயா கண்ணால ஜலம் விடறா."

"த்சொ... த்சொ" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"அதான், ஸ்கூட்டரை அவருக்கே குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்களுக்கு என்ன குறைச்சல்? நீங்க வச்சுண்டிருக்கற அழகுக்கு இந்த சைக்கிள் இன்னும் இருபது வருஷம் ஓடுமே!"

விசாலம் சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஆபீசிலும் இதே கதைதானே? ஒழுங்காக வேலை பார்க்கிறவன் மேஜையில் இன்னும் நாலு ஃபைல் வந்து விழும். சொதப்புகிறவனுக்கு, பாவம் என்று உதவிக்கு ஆள் போடுவார்கள். சமர்த்தாக இருக்கிறவனுக்கு எதுவுமே தேவைப்படாது என்று ஊர் தானாகவே தீர்மானித்துவிடுகிறது. அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமோ?

செருப்பை மாட்டிக்கொண்ட மாமனார் வாசலில் திரும்பி நின்றார்.

"ஒண்ணு பண்ணலாம், மாப்பிள்ளை. பெரியவருக்கு இதெல்லாம் கை வராது. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டரை இங்கே கொண்டுவந்து விடச் சொல்றேன். நீங்க துடைச்சுக் குடுத்துடுங்கோ. உங்க கை மாதிரி வராது!"

"அதுக்கென்ன..." என்றேன்.

ஆகவே, கல்யாணமான வாலிபர்களே! மாமனார் வருகிறார் என்று தகவல் கிடைத்ததும் சைக்கிளை மெரினாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஈர மணலில் நன்றாக நாலு புரட்டுப் புரட்டி எடுத்து வாருங்கள்... மீதியை அவர் பார்த்துக்கொள்வார்!