சத்தம் நின்றால்

பேய்ப் படம் என்றால் மதினிக்கும் எனக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். அண்ணனுக்குத் தெரியாமல் மேட்னிக்குக் கிளம்பிவிடுவோம்.

பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் அத்துப்படி. கம்பளி போர்த்திய காவல்காரன் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் கதாநாயகி அங்கேதான் போவாள், அதுவும் மெழுகுவர்த்தியோடு. கதவு தானாகத் திறக்கும், பூனை குதிக்கும். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன்தான் கொலைகாரன். பின்னணி இசை சட்டென்று நின்றால் பேய் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏட்டி, சத்தம் நின்னுட்டு. நான் கண்ண மூடிக்கிடுதேன், என்ன வருதுன்னு சொல்லு" என்று மதினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

வீட்டில் சத்தம் நின்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அந்தக் கடகடப்பு நின்றால் கரண்டு போய்விட்டது, அவ்வளவுதான். வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது. வாசலுக்கு வந்து கதை பேச உட்கார்ந்துவிடுவோம்.

அன்று அமாவாசை. சினிமாப் பேய்கள் நடமாடுகிற நாள். எங்கள் தெருவில் தறிகளுக்கு லீவு. ஒரு கல்யாணச் சேலை முடியாமல் கிடந்ததால் பின்கட்டில் மதினி மட்டும் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் நூல் வாங்கப் போயிருந்தான். பட்டப்பகல். நான் முன்னறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் நின்றது.

"மதினி, கரண்டு போயிட்டு! வாங்க, காப்பி போடுதேன்" என்று கத்தினேன். கழுத்து வியர்வையைத் துடைக்க அண்ணாந்தேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நூலைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன்.

மதினியின் பின்னல் மோட்டார் பெல்ட்டுக்குள் போய்ச் சுருண்டிருந்தது. கன்னம் இரும்போடு அழுந்தியிருக்க, சுவிட்சை அணைத்த கை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தில் என்றால் வீலென்று அலறுவார்கள். மதினி அலறவே இல்லை. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துப் பின்னலை வெட்டினேன். சனியன் பிடித்த கத்தரி, வெட்டவே மாட்டேன் என்றது. கடைசியில் என் மேல் சரிந்து விழுந்த பிறகுதான் மதினிக்கு மூச்சே வந்தது.

முடி தோள்வரை வளர்ந்தபின் மறுபடியும் ஒரு பேய்ப் படத்துக்குப் போனோம். இசை நின்றது. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மதினி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"ஏட்டி, மேல என்ன பாக்கே?"

"ஃபேன் சுத்துதான்னு பாக்கேன் மதினி."

என் கையை இறுகப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். திரையில் என்ன வந்தது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.