வால் மட்டும் ஒளிர்ந்தது

பச்சையாகத்தான் இருந்தது. நான்கு வருடம் அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் மாறி மாறி ஆய்வகத்துக்குப் போனேன். உப்புத் தண்ணீரிலும் நெல்லைச் சாகவிடாது என்று நான் நம்பிய ஒரு புரதம். அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் முனையில், ஒளிரும் இன்னொரு புரதத்தை வால்போல ஒட்டியிருந்தேன். நுண்ணோக்கியின் நீல வெளிச்சத்தில் வால் எங்கே மினுங்குகிறதோ அங்கே என் புரதம். வேர்ச் செல்லின் உட்கருவில் மினுங்கியது. நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அந்த மினுக்கம்தான் ஆய்வேடு, அதுதான் இனி கிடைக்கப்போகும் வேலை, எல்லாம்.

ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி உண்டு. வேரை அரைத்து, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, வாலை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் கனம். ஆன்டிபாடி பிடித்த இடத்தில் விழும் கோடு மேலேயே நின்றுவிடும். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கண்ணெதிரே ஒளிரும்போது யார் உட்கார்ந்து வேரை அரைப்பார்கள்?

ஆய்வேட்டைக் கொடுக்கப்போகும் மாதத்தில் அரைத்தேன். மேலே வெறுமை. அடியில், வால் தனியாக வந்து நிற்கும் இடத்தில், கன்னங்கரேலென்று ஒரே கோடு. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. என் புரதத்தைச் செடி எப்போதோ கழற்றி அழித்துவிட்டிருந்தது. அறுந்த வால் தன்பாட்டுக்கு உட்கருவுக்குள் புகுந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

தறிக்குழிக்குள் கால்விட்டு நெய்துகொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அப்போ வெலச் சீட்டு மட்டும் இருக்குது, பொடவையக் காணோம்ன்ற," என்றார். சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாருக்கும் தெரியாதுல்லமா?"

தெரியாது. நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

"எனக்குத் தெரியுதே."

அவர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை, மிதிக்கவும் இல்லை.

மறுநாள் என் கைடிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. ஜன்னலைப் பார்த்தபடி, கால நீட்டிப்பு இனிக் கிடைக்காது என்றார். நான்கு வருடம் அத்தோடு முடிந்தது. மரபணு மாற்றிய செடியை உயிரோடு வெளியே போடக்கூடாது. தட்டுத் தட்டாக நாற்றுகளைப் பையில் திணித்து, கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் அடுக்கி, மூடியை நானே இறுக்கினேன். நீராவியில் அவை வெந்து அறையெங்கும் கீரை வேகும் வாசனை. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறு அதற்கு இரைந்தது. அந்த வயிற்றை நான் இன்னும் மன்னிக்கவில்லை.